டவர் வந்தது, காய்ச்சல் வந்தது: எது எதனால்?

கடிதத்தின் சுருக்கம்

பேராக் மாநிலத்தின் ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து 38 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. பழைய ரப்பர் தோட்டத்து லயங்களை உடைத்தபோது தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டிய தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், இருக்கிறார்கள். ஆறு வரிசை, வரிசைக்குப் பத்து வீடு.

பொங்கல் முடிந்த கையோடு தாமானின் முகப்பில் கைப்பேசி டவருக்குக் குழி தோண்டினார்கள். மார்ச்சில் கம்பம் ஏறியது. அதே மாதம் பக்கத்துத் தோட்டத்தில் பழைய லயத்தைச் சீர்செய்து வங்காளதேசத் தொழிலாளர்களைக் குடியமர்த்தினார்கள். ஏப்ரல் இரண்டாவது வாரம் கடைசி வரிசையில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். ஜூன் முடிவதற்குள் 14 வீடுகளில் காய்ச்சல், எல்லாமே டெங்கு என்று கிளினிக்கில் சொன்னார்கள். சகோதரியின் 11 வயது மகன் மே மாதம் ஐந்து நாள் வார்டில் இருந்து வந்திருக்கிறான்.

தாமான் சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் இவருடைய கொழுந்தனார், டவரின் கதிர்தான் காரணம், அது பிள்ளைகளின் எதிர்ப்புச் சக்தியை உடைக்கிறது என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். குரல் பதிவு ஒன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தோட்டத்தில் இன்னொரு கூட்டம் ‘வங்காளிகள் கொண்டுவந்த வியாதி’ என்கிறது. மாமியாரோ, குழுச் சண்டையில் மாரியம்மன் திருவிழா தள்ளிப்போனதுதான் வினை என்கிறார். கூடவே, மகனைப் பிழைக்க வைத்தது பப்பாளி இலைச் சாறுதான் என்பது வீட்டில் எல்லோருடைய முடிவு.

“காய்ச்சல் கண்ட 14 வீட்டில் 9 வீடு டவர் தெரிகிற வீடு டாக்டர். இது எப்படித் தற்செயலாக இருக்கும்? மனுவில் கையெழுத்துப் போடலாமா? போடாவிட்டால் கொழுந்தனார் முகத்தில் எப்படி முழிப்பது?” என்று கேட்கிறார். பின்குறிப்பாக இரண்டு வரி: டவர் ஆட்கள் தோண்டிய இன்னொரு குழி மூடாமலே கிடக்கிறதாம். மார்ச்சிலிருந்து குழாய்த் தண்ணீர் சரியாக வராததால் வீட்டுக்கு வீடு டிரம்மில் பிடித்து வைக்கிறார்களாம்.

பதில்

அன்புள்ள சகோதரி,

மகன் நலமாக வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. பிள்ளை வார்டில் கிடக்கும்போது ‘ஏன் நமக்கு?’ என்று தேடாத தாய் கிடையாது. கண்ணுக்கு முன்னால் புதிதாக ஒன்று நிமிர்ந்து நின்றால் தேடல் அங்கேதான் போய் முட்டும். அதனால் உங்கள் கொழுந்தனாரை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில்: டவரின் அலையால் டெங்கு வராது. உங்கள் தாமானில் நடந்தது, கதிரைப் பொறுத்தவரை, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

கதிரைப் பொறுத்தவரை என்று சேர்த்ததற்குக் காரணம் உண்டு. டவர் வேலைக்கும் கொசுவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் பின்குறிப்பைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்.

9 வீட்டுக் கணக்கு

முதலில் உங்களை உறுத்தும் அந்த எண்ணைப் பார்ப்போம். காய்ச்சல் வந்த 14 வீட்டில் 9 டவர் தெரியும் வீடு. கேட்டதும் பகீரென்கிறது. ஆனால் அதே கடிதத்தில், “முன் நாலு வரிசையில் யார் வாசலில் நின்றாலும் டவர்தான் முகத்தில்” என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாலு வரிசை என்றால் 40 வீடு. மொத்தமே 60. அதாவது தாமானில் மூன்றில் இரண்டு பங்கு வீடு டவர் தெரிகிற வீடுதான். சும்மா கண்ணை மூடிக்கொண்டு 14 வீட்டைப் பொறுக்கினாலும் அதில் ஒன்பதோ பத்தோ டவர் தெரிகிற வீடாகத்தான் இருக்கும்.

இன்னொரு விதமாகவும் போட்டுப் பாருங்கள். டவர் தெரியும் 40 வீட்டில் 9 வீட்டுக்குக் காய்ச்சல்: நூற்றுக்கு 22, 23 வீடு. டவர் தெரியாத பின் 20 வீட்டில் 5 வீட்டுக்குக் காய்ச்சல்: நூற்றுக்கு 25. மறைவில் இருக்கிற வீடுகளில்தான் ஒரு மயிரிழை கூடுதல்! அதை வைத்து டவர் காப்பாற்றுகிறது என்று யாரும் சொல்ல மாட்டோம் அல்லவா? வித்தியாசம் இல்லை என்பதுதான் இதன் பொருள்.

இந்த இடத்தில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். நோய் வந்தவர்களை மட்டும் எண்ணுவோம். நோய் வராதவர்களை யார் எண்ணுவது? டவர் தெரிந்தும் காய்ச்சல் வராத 31 வீடு உங்கள் தாமானில் இருக்கிறது. அவர்களைப் பற்றி எந்தக் குரல் பதிவும் வராது.

அப்புறம் தேதி. போனில் லைன் நன்றாக வர ஆரம்பித்ததே ஏப்ரல் கடைசியில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பிள்ளை படுத்தது ஏப்ரல் இரண்டாவது வாரம். டெங்குக் கிருமி உடம்பில் ஏறிக் காய்ச்சலாக வெளியே தெரிய 4 முதல் 10 நாள் ஆகும். கடித்த கொசுவுக்குள் அது பெருகவே அதற்கு முன்னால் ஒரு வாரம், பத்து நாள் பிடித்திருக்கும். அப்படிப் பின்னோக்கி எண்ணினால் விதை விழுந்தது மார்ச்சில். அலை வீசத் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்ட நோய்க்கு அலை எப்படிக் காரணமாகும்? கொழுந்தனாரிடம் வாதாட ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் இந்தத் தேதியை மட்டும் கேளுங்கள்.

கைப்பேசி அலையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது வானொலி, டிவி அலைகளின் இனம். எக்ஸ்ரே போல உடம்பின் அணுக்களை உடைக்கும் வலு அதற்கு இல்லை. டவரிலிருந்து அது பக்கவாட்டில் தூரத்துக்குப் போகிறது. அடியில் இருக்கிறவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், காதில் ஒட்டிப் பேசும் போனிலிருந்து வருவது அதைவிட அதிகம். உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இந்த அலைகளை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்’ என்ற பட்டியலில் வைத்தது உண்மை. அந்தச் செய்தியைத்தான் குரல் பதிவில் பாதி வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியல், ஆதாரம் போதாது, தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பவற்றுக்கானது. காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் மகனின் இரத்தத்தில் சோதனையில் பிடிபட்டது டெங்குக் கிருமியின் புரதம். அலையால் அதை உண்டாக்க முடியாது.

இது உங்கள் தாமானில் மட்டும் பிறந்த யோசனை என்றும் நினைக்காதீர்கள். 2020இல் கோவிட் பரவியபோது, 5ஜி டவர்தான் காரணம் என்று பிரிட்டனில் டவர்களுக்குத் தீ வைத்தார்கள். அப்போது 5ஜி சேவை பரவியிராத ஈரானில் கோவிட் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

டெங்கு எப்போது ஏறும், எப்போது இறங்கும்

‘டவருக்கு முன்னால் இவ்வளவு டெங்கு இல்லையே’ என்கிறீர்கள். நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2019இல் மலேசியாவில் 1,30,101 பேருக்கு டெங்கு, 182 பேர் இறந்தார்கள். 2021இல் அது 26,365ஆகச் சரிந்தது. 2022இல் 66,102. 2023இல் 1,23,133. இந்த ஏற்ற இறக்கத்தின் நடுவில், 2022இல் ஓர் ஊரில் புதிதாக எதைக் கட்டியிருந்தாலும், பேரங்காடியோ பள்ளிக்கூடமோ சிவன் கோயிலோ, ‘அது வந்த பிறகுதான் டெங்கு பெருகியது’ என்று சொல்லியிருக்கலாம். கணக்கும் பொய்யாக இருந்திருக்காது. காரணம் மட்டும்தான் பொய்.

டெங்குக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை சில வருஷம் சுற்றி, பலருக்கு அதற்கான எதிர்ப்பு வந்த பிறகு இன்னொரு வகை மேலே வரும். புது வகைக்கு ஊரே வெறும் உடம்போடு நிற்கும், நோய் ஏறும். மழை, தண்ணீர்த் தட்டுப்பாடு, ஊருக்குள் போக்குவரத்து எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். பினாங்கில் டெங்குவைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவைத்தது 1902இல். அப்போது டவர் ஏது, டெலிபோனே அரிது.

வல்லுநர்களும் காரணத்தைத் தவறாகப் பிடித்த கதை

உங்கள் மாநிலத்தில் நடந்தது, உங்கள் மாமியாருக்கு நன்றாக நினைவிருக்கும். 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பன்றி, கொசு, மூளைக் காய்ச்சல் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் எந்த மருத்துவரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றுதான் நினைப்பார். அது பன்றியில் பெருகிக் கொசு வழியாக மனிதனுக்கு வருகிற நோய். சில நோயாளிகளின் இரத்தச் சோதனையும் அப்படித்தான் காட்டியது. எனவே புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அரைகுறை வேலை அல்ல, கையில் இருந்த அறிவுக்கு நியாயமான வேலை. இருந்தும் சாவு நிற்கவில்லை. பேராக்கிலிருந்து விற்ற பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலானுக்கும் போனது.

சில விஷயங்கள் அந்தக் காரணத்தோடு ஒட்டாமல் நின்றன. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும், இங்கே விழுந்தவர்கள் திடகாத்திரமான ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளே மூச்சிரைத்து இருமிச் செத்தன, அது அந்த நோயின் குணம் இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரியது, அதே கொசு கடிக்கும் பக்கத்து வீடுகளில் பன்றியைத் தொடாதவர்களுக்குக் காய்ச்சல் இல்லை. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து அதுவரை யாரும் பார்த்திராத கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரில் அதுதான் நிப்பா. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்த நோய். 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகே அடங்கியது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், கொழுந்தனாரிடம் ‘டாக்டர் சொல்கிறார், வாயை மூடு’ என்று நீங்கள் பேசக்கூடாது என்பதுதான். டாக்டர்கள் சொன்னதும் ஒரு காலத்தில் தவறாக இருந்தது. தவறு பிடிபட்டது எப்படி? நோய் வராத பக்கத்து வீட்டை எண்ணியதால், தன் கருத்துக்கு ஒத்துவராத தகவலை ஒதுக்காமல் வைத்துப் பார்த்ததால். டவர் விஷயத்திலும் அதையேதான் கேட்கிறேன்.

இன்னொன்று, நம் சாப்பாட்டுத் தட்டோடு சம்பந்தப்பட்டது. நூறு வருஷத்துக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி என்ற நோயால் கை கால் வீங்கி, நடை தளர்ந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சுரங்கத்துச் சீனர்களுக்கு நிறைய வந்தது, தோட்டத்துத் தமிழர்களுக்கு அரிது. இடம் சரியில்லை, காற்று சரியில்லை, தொற்று என்று ஆளுக்கொரு காரணம். வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905இல் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்தார். ஒரு பாதிக்குத் தீட்டிய சயாம் பச்சரிசி, மறு பாதிக்கு நம் புழுங்கல் அரிசி. பச்சரிசிக்காரர்களுக்குப் பெரிபெரி வந்தது, சிலர் இறந்தார்கள். அத்தோடு விடவில்லை. கட்டடத்தில்தான் கோளாறோ என்று பார்க்க இரு பிரிவினரையும் வார்டு மாற்றிப் படுக்க வைத்தார். நோய் வார்டோடு தங்கவில்லை, அரிசியோடு போனது. தவிட்டோடு போய்விடும் ஒரு வைட்டமின்தான் விஷயம் என்பது பிறகு தெரிந்தது. இன்று நோயாளிகளைக் கேட்காமல் இப்படிச் செய்தால் கோர்ட்டில் நிறுத்துவார்கள், அது வேறு.

நீங்கள் டவரைக் கழற்றி அடுத்த ஊரில் நட்டுப் பார்க்க முடியாது. ஆனால் வருஷக்கணக்காக டவர் நின்றும் டெங்கு இல்லாத தாமான் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கும். டவரே இல்லாமல் டெங்கு வந்த லயமும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று போய் வந்தால் கொழுந்தனாரே பார்த்துவிடலாம்.

அந்த மூடாத குழியும் தண்ணீர் டிரம்மும்

இப்போது உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது அதிக தூரம் போகாது, பிறந்த இடத்திலிருந்து இருநூறு முந்நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். சாக்கடைத் தண்ணீரைவிடத் தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். ஜனவரியில் தோண்டி மூடாத குழி, அதன் ஓரத்தில் மழைநீர் தேங்கும் பிளாஸ்டிக் படுதா, சிமெண்டு வாளி, காலி பெயிண்ட் டின் எல்லாம் அதற்கு மாளிகை. மார்ச்சில் குழாய்த் தண்ணீர் தகராறு வந்ததும் மூடியில்லாத டிரம் வீட்டுக்கு வீடு. நாம் பின்னோக்கி எண்ணியபோது விதை விழுந்த மாதமும் மார்ச்தான்.

அதனால் ‘டவர் வந்தது, காய்ச்சல் வந்தது’ என்பதில் ஒரு துளி உண்மை இருக்கலாம். வழி மட்டும் வேறு. அலை அல்ல, குழி. இதையும் நான் தீர்ப்பாகச் சொல்லவில்லை. இப்படிச் சொன்னால் நானும் தேதியை மட்டும் வைத்துப் பேசுகிறவன்தான். குழியில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச்சு அடித்துப் பார்த்தால் தெரியும். டிரம்மிலும் பாருங்கள். நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கும். இதன் நல்ல விஷயமே இதுதான். பார்க்க முடியும், காட்ட முடியும், போட்டோ எடுக்க முடியும்.

சாமி மாடத்துப் பூச்சாடி, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, கூரைத் தகரத்து நீர்த்தாரை, கொல்லையில் கிடக்கும் டயர் எல்லாம் அதே கணக்கில்தான். வாரம் ஒரு நாள் பத்து நிமிஷம். டிரம்முக்கு இறுக்கமான மூடி. கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தைச் சுகாதார அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் போடலாம்.

புகை அடித்த பிறகும் மூன்று வீட்டில் காய்ச்சல் வந்ததால் புகையே வியாதியைக் கொண்டுவந்தது என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று பேரும் புகைக்கு முன்பே கடி வாங்கியிருப்பார்கள். புகை பறக்கிற கொசுவைக் கொல்லும், புழுவையும் முட்டையையும் தொடாது. அதனால் ‘புகை அடித்தாயிற்று’ என்று டிரம்மைத் திறந்து வைப்பதும் தப்பு.

வங்காளதேசத் தொழிலாளர்கள்

இதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெங்கு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இருமலாலோ தொடுவதாலோ வராது. கொசு வேண்டும். கிருமியை யார் உடம்பிலும் யாரும் கொண்டுவரலாம். கோலாலம்பூரில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு வந்த உங்கள் தாமான் பிள்ளையாகவும் இருக்கலாம். மார்ச்சில் அவர்கள் வந்தார்கள் என்பதும் மார்ச்சில் டவர் ஏறியது என்பதும் மார்ச்சில் தண்ணீர் நின்றது என்பதும் ஒரே காலண்டர்த் தாள். அதில் வாயில்லாதவர் மேல் விரல் நீள்வது சுலபம். நம் தாத்தா பாட்டிகள் கப்பலில் வந்து இறங்கியபோதும் ‘காய்ச்சலைக் கொண்டுவந்த கூலிகள்’ என்று பேசியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

நியாயத்தை விடுங்கள், காரியமாகப் பார்த்தாலும் இது ஆபத்து. பழி விழுந்தால் அவர்கள் காய்ச்சலை மறைப்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் வெளிநாட்டவருக்குக் கட்டணமும் அதிகம். மறைத்துப் படுத்திருக்கும் நோயாளியைக் கடிக்கிற கொசு தாமானுக்கும் பறந்து வரும். அவர்கள் இருக்கும் லயத்தில் தண்ணீர் வசதி, குப்பை அகற்றல் சரியில்லை என்றால் அதற்குப் பொறுப்பு தோட்ட நிர்வாகம். தொழிலாளர் குடியிருப்பு வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கேட்க வேண்டிய இடம் மேனேஜர் அலுவலகம்.

பப்பாளி இலைச் சாறு

மகனுக்கு ஐந்தாம் நாள் சாறு கொடுத்தீர்கள், ஏழாம் நாள் இரத்தத் தட்டணு (பிளேட்லெட்) ஏறியது. டெங்குவில் தட்டணு மூன்றாம் நாளிலிருந்து இறங்கி, ஆறாம் ஏழாம் நாள் வாக்கில் தானாகவே ஏற ஆரம்பிக்கும். பக்கத்துக் கட்டிலில் சாறு குடிக்காத பிள்ளைக்கும் ஏறியிருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். மலேசியாவிலேயே இந்தச் சாற்றை ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள், தட்டணு கொஞ்சம் வேகமாக ஏறுவதாகச் சொன்னார்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் டெங்குவில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அல்ல. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் படுத்துவிடுவதுதான். அதைச் சாறு தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் மகனைக் காப்பாற்றியது சரியான நேரத்தில் வார்டில் சேர்த்து அளவாக நீர் ஏற்றியதுதான். அதற்கான பாராட்டு நேரத்தோடு தூக்கிக்கொண்டு போன உங்களுக்குச் சேர வேண்டும்.

வார்டில் இருந்துகொண்டே ஒரு வாய் சாறு என்றால் நான் சண்டை போட மாட்டேன், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் நிறுத்துங்கள். சாற்றை நம்பி வீட்டில் வைத்துக்கொள்வதுதான் பயம். அதுவும் காய்ச்சல் இறங்கும் நாளில். டெங்குவில் காய்ச்சல் விட்ட முதல் ஒன்றிரண்டு நாள்தான் கத்தி முனை. ‘காய்ச்சல் விட்டது, சாறு வேலை செய்தது’ என்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாகப் படுக்கிற அதே நேரத்தில் இரத்தக் குழாய் கசியத் தொடங்கும்.

மாமியாரிடம் தர்க்கம் வேண்டாம். தள்ளிப்போன திருவிழாவை நடத்தட்டும், நல்லதுதான். பந்தல் போடும்போது தண்ணீர் தேங்கும் பானைகளைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். அம்மன் சன்னதிக்குப் பக்கத்தில் கொசுப்புழு இருந்தால் அவருக்கே பிடிக்காது.

மனுவில் கையெழுத்து

இப்போதிருக்கும் மனுவில் போடாதீர்கள். குரல் பதிவையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ‘பிள்ளைகளைக் கொல்கிறது’ என்று பொய்த் தகவல் பரப்பினால், 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள இடமுண்டு. கோபத்தில் யாராவது டவர்ச் சாதனத்தில் கை வைத்தால் அதுவும் அதே சட்டத்தில் குற்றம். இளைஞர்கள் காதில் இதைப் போட்டு வையுங்கள். சட்ட விவரம் வேண்டுமானால் வழக்கறிஞரைக் கேளுங்கள், நான் மருத்துவன்.

ஆனால் மனுவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொழுந்தனாருக்கு ஊர்மேல் அக்கறை இருக்கிறது, கையெழுத்து வாங்கும் கால் வலிமை இருக்கிறது. அதை வீணாக்குவானேன்? காகிதத்தை மட்டும் மாற்றுங்கள். அலை என்ற சொல்லை எடுத்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்:

மூடாமல் கிடக்கும் குழியையும் கட்டுமானக் குப்பையையும் இந்தத் தேதிக்குள் அகற்ற வேண்டும் என்று நிறுவனத்துக்கும் நகராட்சிக்கும் ஒரு கடிதம். போட்டோ, தேதியோடு. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசு வளர இடம் கொடுப்பவர் நிறுவனமானாலும் வீட்டுக்காரரானாலும் பொறுப்பு. சுகாதார அதிகாரிகளுக்கு உள்ளே வந்து சோதிக்கவும் அபராதம் போடவும் அதிகாரம் உண்டு. உங்கள் டிரம்மும் அந்தச் சட்டத்துக்குள்தான், முதலில் அதை மூடிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம். 14 வீட்டுப் பட்டியல், முதல் காய்ச்சல் தேதி, வரிசை எண். டெங்குவை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மருத்துவருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட கடமை. அதனால் அவர்களிடம் பதிவு இருக்கும். தாமானிலும் லயத்திலும் சேர்த்துப் புழுக் கணக்கெடுப்புக் கேளுங்கள். தண்ணீர் வாரியத்துக்கு ஒரு புகார், குழாய் ஏன் வரவில்லை என்று. இது மூன்றும் நடந்தால் தாமானுக்கு உண்மையிலேயே பலன் கிடைக்கும்.

கதிர் பயம் இன்னும் சிலருக்குப் போகவில்லை என்றால், அளந்து காட்டச் சொல்லி மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் தனியாக எழுதலாம். அது உங்கள் உரிமை. டவருக்கு நகராட்சி அனுமதி இருக்கிறதா, வீட்டிலிருந்து தூரம் சரியா என்றும் கேட்கலாம். டெங்குவோடு மட்டும் அதை முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சுப் போட்டால் அதிகாரிகள் ஒரே வரியில் மனுவைத் தள்ளிவிடுவார்கள், குழியும் மூடாமலே கிடக்கும்.

கொழுந்தனாரிடம் ஊர்க் கூட்டத்தில் பேசாதீர்கள். ஆண்பிள்ளையை நாலு பேர் முன்னால் திருத்தினால் இறங்கி வர மாட்டார். வீட்டில், அண்ணனை வைத்துக்கொண்டு, ‘குழியைப் பற்றி நீங்கள் எழுதினால்தான் எடுபடும்’ என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக மகன் விஷயம். அவனுக்கு ஒரு வகை டெங்கு வந்துவிட்டது, அந்த வகை இனி வராது. மீதி மூன்று வகை பாக்கி. இரண்டாவது முறை வேறு வகை வந்தால் கடுமையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். எந்த மாதம் டெங்கு வந்தது என்று அவனுடைய கிளினிக் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை காய்ச்சல் என்றால் முதல் நாளே டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். வயதுக்கு ஏற்ற அளவில் பனடோல் (பாராசிட்டமால்) மட்டும். பொன்ஸ்டான், புரூஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சிறுநீர் குறைவது, பிள்ளை சோர்ந்து மடியில் சரிவது, இதில் எது வந்தாலும் இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் இறங்கியிருந்தாலும் சரி.